பேர் பொருந்தாத படங்கள்

பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அமாவாசை சாகும்போது, போடிமெட்டில் லாட்ஜ் கட்டியிருந்த சாம்சனுக்குத் தரவேண்டியிருந்த பாக்கி அது. கைமாற்றாக வாங்கியதில்லை. அந்தக் காலத்து வீடியோ கேம் அத்தனையையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு, டிவியில் மாட்டினால் ஓடுகிற மாதிரி செய்து தருகிறேன் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கியிருந்தார். பெட்டிக்கு ஆறாயிரத்து எண்ணூறு, கையில் பிடித்து ஆடுகிற குச்சி ரெண்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம், மெமரி கார்டுக்கு ஆயிரத்து நூற்றைம்பது, கூலி ஆயிரத்து ஐந்நூறு. சாமான் எல்லாம் வாங்கியாகிவிட்டது. கூலிக்கான சோலிதான் பாக்கி. ஒருநாள் மெட்டுக்குப் போய்விட்டு ஜீப்பில் திரும்பி வந்தவர், இறங்கி டிரைவரிடம் ஐம்பது ரூபாயை நீட்டினார். மீதிச் சில்லறையை வாங்காமலே தரையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே சாம்சன் வந்துவிட்டார். பிரித்துப் போட்டிருந்த பந்தல் கயிற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றார். அமாவாசையின் மனைவி முத்துப்பேச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“அக்கா, இதைப் பேசுற நேரமில்ல. எனக்கே தெரியுது.”

“பேசுங்க தம்பி.”

“டிசம்பர் இருபதுல ரூம் தொறக்கிறேன். லீவுக்கு ஆளுக இப்பமே சொல்லி வச்சிட்டாங்க. பழைய கேம் ரூம்னு போர்டும் எழுதி மாட்டியாச்சு. பெட்டி கைக்கு வந்தாப் போதும். இல்லேன்னா காசு வேணும். வேற எடத்துல சொல்லணும்ல.”

“பெட்டி இங்கதான் இருக்கு.”

“அண்ணே முடிச்சிட்டாரா?”

“தெரியல.”

சாம்சன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். தொகையும் கீழே இருந்த கிறுக்கல் கையெழுத்தும் அவள் கண்ணில் பட்டன. மற்றதைப் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு ஒரு சீட்டைப் படிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அன்றைக்கு அவளுக்கு எதிலும் கண் நிற்கவில்லை.

“படம் எல்லாம் வரணும்க்கா. ஒவ்வொரு கேமுக்கும் ஒரு படம். வெறும் இங்கிலீஷ் பேரை மட்டும் பாத்தா எவன் தொடுவான்? அதான் எங்களுக்குள்ள பேச்சு.”

“பத்தொம்பதாந் தேதி வாங்க” என்றாள் முத்துப்பேச்சி. ஏன் அந்தத் தேதியைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் இருபது என்றார், இவள் ஒன்றைக் குறைத்தாள். அவ்வளவுதான்.

தாலியில் கிடந்த தங்கம் காரியச் செலவுக்குப் போய்விட்டது. பதினோராயிரம் பெறுகிற பொருள் என்று இனி அவள் காதில் கிடந்த கம்மல் ஒன்றுதான். அதைக் கழற்றிக் கொடுத்தாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றாது என்றுதான் இருந்தது. ஆனால் அமாவாசை யாருக்கும் பாக்கி வைத்த ஆளில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு டிவி வைத்து, மணிக்கு அஞ்சு ரூபாய்க்குக் கேம் கடை நடத்திய காலத்தில் ஊர்ப் பிள்ளைகள்தான் அவருக்குப் பாக்கி வைத்தார்கள். டிவி அமாவாசை என்றால் அப்போது எல்லாருக்கும் தெரியும். செல்போன் வந்து கடை போனது. மூட்டை தூக்கப் போனார். அப்போதும் பாக்கி வைத்ததில்லை. ஒரு பேச்சுக்குக்கூட அந்தப் பேரில் பாக்கி நிற்கக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. மற்றதெல்லாம் மங்கலாக இருந்தது.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பானுப்பிரியாவைக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் பெட்டியை டிவியில் மாட்டி, விசைப்பலகையைச் சொருகி, கால்மணி நேரம் அப்படியும் இப்படியும் தட்டிப் பார்த்தாள்.

“ஆயிரத்து நூத்தி எட்டு கேம் இருக்கு பெரிம்மா. எல்லாம் ஓடுது. ஆனா நானூத்திப் பன்னெண்டுக்குப் படம் வரல.”

“படம் இல்லையா?”

“இருக்கு. வேற ரூம்ல படுத்திருக்கு.” பானுப்பிரியா சிரித்துவிட்டு, இழவு வீடு என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். “கேமுக்கு ஒரு பேரு, படத்துக்கு ஒரு பேரு. பெரியப்பா படத்துக்கெல்லாம் அவரு இஷ்டத்துக்குப் பேரு வச்சிருக்காரு. கடைசியா மாத்திக்கிடலாம்னு இருந்திருப்பாரு. ரெண்டு பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தாத்தான் இது சேத்து வைக்கும். ஒரு எழுத்து மாறுனாலும் வேற ஆளுன்னு நெனச்சுக்கிடும்.”

“ஆதார் கார்டு மாதிரி.”

“அதேதான். வெளிய ஆளு வச்சு மாத்துனா, படத்துக்குப் பத்து ரூபா கேப்பாங்க.”

நாலாயிரத்துச் சொச்சம். முத்துப்பேச்சி அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டு முடிப்பதற்குள், “எப்படி மாத்துறதுன்னு காட்டு” என்று சொல்லியிருந்தாள்.

அவள் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது நாற்பத்தொரு வயதில், சாயங்காலம் நடந்த முதியோர் வகுப்பில். இங்கிலீஷ் எழுத்தை அதற்கும் முன்னால் ஏலக்காய் குடோனில் கற்றுக்கொண்டாள். அவளுக்கு வேலை ஏலக்காய் பொறுக்குவது. சல்லடையில் நிற்பது எட்டு எம்.எம்., விழுவது ஏழு. சல்லடைக்கு மாட்டாததைக் கண்ணால் பிரிக்க வேண்டும். நடுவில் ரெண்டு வருஷம் அவளைச் சாக்குக்கு மார்க் போட வைத்தார்கள். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மையைத் துணியால் ஒற்ற வேண்டும். ஒவ்வொரு தகடும் என்ன எழுத்து என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு இருபத்தாறையும் பழகிவிட்டாள். அர்த்தம் தெரியாது. உருவம் தெரியும்.

குடோனிலிருந்து ஆறு மணிக்கு வருவாள். உலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்காருவாள். முதலில் படம் இல்லாத கேமின் பேரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு அந்தக் கேமை ஓடவிடுவாள். திரையில் ஒரு குட்டி ஆள் வந்து நிற்பான். அவன் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. எங்கிருந்தோ ஒன்று வந்து அவன்மேல் மோதும். விழுவான். மறுபடி எழுந்து நிற்பான். மூன்று தடவை. அவன் மூன்றாவதாக விழுவதற்குள் அவன் சட்டை நிறம், பின்னால் தெரிகிற மலை, எதிரில் வருகிற பிராணி எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வாள். பிறகு படங்கள் இருக்கும் இடத்துக்குப் போய் அதே சட்டையைத் தேடுவாள். கிடைத்ததும் பானுப்பிரியா காட்டிய பொத்தானை அமுக்கி, பழைய பேரை அழித்து, நோட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் புதுப் பேரை அடிப்பாள். ஒருநாளைக்குப் பத்து, பன்னிரண்டு. நடுவில் எழுந்து சோற்றை வடிப்பாள், முடிந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவாள்.

மூன்றாம் நாள்தான் அழிக்கிற பேரைப் படிக்கத் தொடங்கினாள். அதுவும் இங்கிலீஷ் எழுத்துதான். ஆனால் கூட்டிப் பார்த்தால் தமிழ் வந்தது. மலையைக் குடைந்து உள்ளே போகிற ஆட்டத்துக்கு அமாவாசை வைத்த பேர், சுரங்கம் தோண்டப் போகிறார்கள் என்று ஊரே பேசிய பொட்டிபுரம். காரை வளைத்து வளைத்து ஓட்டுகிற ஆட்டம், போடிமெட்டு. ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டே இருக்கும் குரங்கு, கவுன்சிலர். தங்கபாண்டி என்று ஒன்று இருந்தது. திறந்தால் ஒருத்தன் சுவரில் முட்டி முட்டித் திரும்பினான். கடைக்கு வந்த பிள்ளைகள் பேர், தெருவாட்கள் பேர், ஊர்ப் பேர். எந்த ஆட்டத்தை எதை வைத்து அவருக்கு ஞாபகம் இருந்ததோ அந்தப் பேர். பேரைக் கூட்டும்போது அவர் சொல்கிற மாதிரியே அவள் காதில் விழுந்தது. விழுந்ததும் அழிப்பாள். அழித்தால்தான் அடுத்ததை அடிக்க முடியும்.

குடோனில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவள் காளீஸ்வரி. ஒருநாள் அவள் கேட்டாள்.

“ஏ பேச்சி, தெனமும் சாயங்காலம் டிவியில வெளிச்சமா இருக்கு. சீரியலா?”

“பேரு மாத்துறேன்.”

“யாருக்கு?”

“படத்துக்கு. ஒம்பேர்லகூட ஒண்ணு இருந்துச்சு.”

“எம்பேர்லயா? கதாநாயகியா இருப்பேனே.”

“குத்துச்சண்டை. குண்டா ஒரு ஆளு வந்து எல்லாரையும் போட்டுக் குத்துது.”

காளீஸ்வரி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த முறம் சாய்ந்து, பிரித்து வைத்த எட்டும் ஏழும் மறுபடி ஒன்றாகிவிட்டன. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

“அந்த மனுசன் இருக்கையில தெரிஞ்சிருந்தா வீட்டுக்கே வந்து நாலு குத்து விட்டிருப்பேன்” என்றாள். சொல்லிவிட்டுச் சாய்ந்ததை மறுபடி முறத்தில் அள்ளினாள். “இப்ப அதுக்கு என்ன பேரு?”

“ஏதோ இங்கிலீஷ் பேரு.”

“அப்ப நான் போயிட்டேன்.”

“போயிட்ட.”

டிசம்பர் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு கேமில் கூடை பிடித்த பொம்பளை ஒருத்தி வந்தாள். மேலேயிருந்து பழம் விழுகிறது, அவள் ஓடி ஓடிக் கூடையில் ஏந்த வேண்டும் போலிருந்தது. முத்துப்பேச்சி ஒன்றையும் அமுக்கவில்லை. அந்தப் பொம்பளை நின்ற இடத்திலேயே நின்றாள். பழமெல்லாம் சுற்றிலும் விழுந்து உடைந்தது. படத்தைத் தேடிப் போனால் அதன் பேர், பேச்சி. அஞ்சே அஞ்சு எழுத்து. கடைசி எழுத்தை மட்டும் அவர் ரெண்டு தடவை அமுக்கியிருக்கிறார்.

கடைக்கு அவள் மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள். வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். உள்ளே போய் நின்று பார்த்ததில்லை. இப்போதும் அதை நினைத்து ஒன்றும் ஆகவில்லை. கண் எரிந்தது, மூன்று மணி நேரம் டிவியைப் பார்த்தால் யாருக்கும் எரியும். நோட்டைப் பார்த்து அடித்தாள். பேச்சி போனது. அன்றைக்கு அதோடு பன்னிரண்டு.

பதினெட்டாம் தேதி நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. பத்தொன்பதாம் தேதி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் உட்கார்ந்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். படம், படம், படம். பிறகு ஒரு கறுப்புக் கட்டம். படமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மத்தியானத்துக்குள் எண்ணி முடித்தாள். முப்பத்தேழு.

நோட்டை எடுத்தாள். ஒரு விரலை நோட்டிலும் ஒரு விரலை டிவியிலும் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் வரவில்லை. பானுப்பிரியா கடைக்கு ஓடினாள். பூட்டு தொங்கியது. சிலமலையில் கோயில் விசேஷம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். போன் அடித்தாள், மேளச் சத்தம்தான் கேட்டது. “பெறகு கூப்பிடுறேன் பெரிம்மா” என்று அந்தப் பெண் கத்தினாள், லைன் கட்டாகிவிட்டது. சாம்சன் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்தவள், கம்மலின் திருகைத் தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது. எண்ணெய் விட்டால் கழன்றுவிடும். சமையல்கட்டுக்குப் போக எழுந்தாள், போகவில்லை. மறுபடி உட்கார்ந்தாள். முப்பத்தேழையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். சொத்தைக் காய் எங்கே என்று முறத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

எல்லாவற்றிலும் ஒரு வட்டம் இருந்தது. பெரும்பாலும் கடைசியில், வருஷக் கணக்குப் போல வருகிற எண்ணுக்குள் இருந்தது. வட்டம் வந்தால் என்ன, வட்டம் ஓ தானே. குடோனில் ‘லாட் நாற்பது’ என்று சாக்கில் மார்க் போடும்போது லாட்டில் வருகிற வட்டத்துக்கும் நாற்பதில் வருகிற வட்டத்துக்கும் ஒரே தகடுதான். சைபர்த் தகடு அவள் சேர்வதற்கு முன்னாலேயே தொலைந்துவிட்டது. ஓ-வை வைத்தே ஓட்டினார்கள். ரெண்டு வருஷம் அவளும் அப்படித்தான் ஒற்றினாள். இந்தப் பலகையில் எண் வரிசையின் கடைசியில் இன்னொரு வட்டம் இருப்பதை அவள் பார்த்திருந்தாள். தேய்ந்துபோனால் உபயோகமாகட்டும் என்று ரெண்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

ஒன்றை அடித்துப் பார்த்தாள். பக்கத்திலேயே மற்றதையும் அடித்தாள். டிவிக்கு ஒரு முழம் கிட்டே போய்ப் பார்த்தாள். ஒன்று உருண்டையாக இருந்தது. ஒன்று கொஞ்சம் ஒடுங்கி இருந்தது.

எட்டு. ஏழு.

கேமின் பேரில் இருந்தது ஏழு, அந்த ஒடுங்கின சைபர். அவள் அடித்திருந்தது எட்டு, உருண்டையான ஓ.

மணி ஒன்றரை. இனிக் கேமை ஓடவிட வேண்டியதில்லை, படத்தைத் தேட வேண்டியதில்லை. எட்டை எடுத்துவிட்டு ஏழைப் போட வேண்டும். வாழ்நாளெல்லாம் செய்த வேலை. ஒன்றைத் திருத்தினாள், கறுப்புக் கட்டத்தில் ஒரு விமானம் வந்தது. அடுத்ததில் ஒரு யானை. நோட்டில் ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துக்கொண்டே போனாள். கூடைக்காரியும் அந்த முப்பத்தேழில் ஒருத்தி. அவளும் வந்தாள். வெளியே ஜீப்பு வந்து நின்றபோது இரண்டு பாக்கி. “உக்காருங்க தம்பி” என்று திரும்பாமலே சொல்லிவிட்டு அந்த இரண்டையும் முடித்தாள்.

சாம்சன் உட்காரவில்லை. டிவிக்கு முன்னால் குத்தவைத்து, குச்சியைக் கையில் வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். முதலில் முதலாளி மாதிரிதான் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுவிட்டார்.

“அக்கா, இது அண்ணே கடையில ரெண்டாவது டிவியில இருக்கும். இது மூணாவதுல. ஸ்கூலுக்குக் கட் அடிச்சிட்டு வந்து உக்காந்திருப்போம். எங்கப்பா ஏலக்காய்க் கடையில இருந்து பெல்ட்டோட வருவாரு. அண்ணே பின்வாசலைத் தொறந்து விட்ருவாரு.”

“உங்க பேர்லயும் ஒண்ணு இருந்துச்சு.”

“என்னது?”

“படத்துக்கெல்லாம் ஆளுக பேரை வச்சிருந்தாரு. உங்களதுல சாம்சன் அழுகைன்னு போட்டிருந்துச்சு.”

சாம்சன் குச்சியை மடியில் வைத்தார்.

“எந்த கேமு?”

“ஆத்துல ஓடம் விடுறது.”

“அது மூணாவது பாலத்துல போய் முட்டிக்கிடும். ஒரு நாளும் தாண்டுனதில்ல.” குச்சியை மறுபடி எடுத்தார். “அண்ணேதான் ஒருதடவை தாண்டிக் குடுத்தாரு. அதுக்கும் அழுதேன், நான் தாண்டலைன்னு. அந்தப் பேரு இப்ப எங்க இருக்கு?”

“மாத்திட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அதை ஒண்ணையாவது அப்படியே விட்டிருக்கலாம்லக்கா.”

“அப்படியே விட்டாப் படம் வராது தம்பி.”

சாம்சன் எழுந்தார். வயர்களைக் கழற்றினார். பெட்டி உள்ளங்கை அளவுதான். அதை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்துக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காதீங்க. தீந்துச்சுன்னு எழுதிக் குடுங்க.”

“என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?”

“இருக்கு. எழுதிக் குடுங்க.”

முழங்கால்மேல் சீட்டை வைத்து, தொகைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘தீர்ந்தது’ என்று எழுதித் தேதி போட்டு நீட்டினார். முத்துப்பேச்சி வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இந்தத் தடவை முதலிலிருந்து படித்தாள். எழுத்துக்கு எழுத்து விரல் நகர்ந்தது. அமாவாசை பேரின் மூன்றாவது எழுத்தில் நின்றது.

“இது யாரு எழுதுனது?”

“நான்தான். அண்ணே சொல்லச் சொல்ல எழுதுனேன். கையெழுத்து அவரு போட்டாரு.”

“அமாவசைன்னு இருக்கு.”

“ஆமா.”

“வ-வுக்கு ஒரு கால் விட்டுப்போச்சு.”

சாம்சன் எட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “அன்னைக்கே இதைப் பாத்திருந்தா, இது எங்க வீட்டு ஆளே இல்ல, காசு தர முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேக்கா.”

“அவருதான வாங்குனாரு” என்றாள் முத்துப்பேச்சி. “தீந்ததும் அவரு பேர்லதான் தீரணும். போடுங்க.”

சாம்சன் பேனாவைத் திறந்தார். வ-வுக்கும் சை-க்கும் நடுவில் இடம் இல்லை. இடுக்கிக்கொண்டு, சின்னதாக ஒரு கால் போட்டார். சீட்டை வாங்கி மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். அ, மா, வா, சை. கீழே, தீர்ந்தது.

“சரியா இருக்கு” என்றாள்.

ஜீப்பு கிளம்பிப் போனது. வயரைக் கழற்றிய டிவி வெறும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டுச் சீட்டை மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.